போனில் திறந்தால் போதுமா?

"ரெஸ்பான்சிவ் தீம்தான் சார் போட்டிருக்கோம். மொபைல், டேப், லேப்டாப், எதுல திறந்தாலும் தானா செட் ஆயிடும்." சிறு தொழில்களுக்கு வலைத்தளம் செய்து தருபவர்கள் கொட்டேஷனில் தவறாமல் எழுதும் வரி இது. கடைக்காரர் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தால், டிசைனர் தன் கணினியில் பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் குறுக்கிக் காட்டுவார். பக்கத்தில் பக்கத்தில் இருந்த மூன்று கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். மேலே நீளமாக ஓடிய மெனு மூன்று கோடாகச் சுருங்கி மூலைக்குப் போகும். கடைக்காரர் முகம் தெளிந்துவிடும். பேலன்ஸ் தொகை கைமாறும். தளம் 'லைவ்' ஆகும்.

அத்துடன் போன் விஷயம் முடிந்தது என்பதுதான் இன்று ஏறக்குறைய எல்லோருடைய எண்ணமும். செய்து கொடுப்பவர், காசு கொடுப்பவர், நடுவில் நின்று சிபாரிசு செய்த மச்சான் வரை யாருக்கும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. எனக்கு உண்டு. ஒரு தளம் போனில் செய்யவேண்டிய வேலைகளிலேயே மிகச் சுலபமானது திரையின் அகலத்துக்குள் அடங்குவது. அதை மட்டும் செய்துவிட்டு முழு வேலைக்கும் கூலி வாங்குவது இந்தத் தொழிலில் பழக்கமாகிவிட்டது. கொடுப்பவருக்கும் அதில் குறை தெரியவில்லை.

இந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2007-இல் ஐபோன் வந்தபோது இணையத்தில் இருந்த பக்கங்கள் பெரும்பாலும் மேசைக் கணினிக்காக வரைந்தவை. அவற்றை எப்படியாவது காட்டுவதற்கு ஆப்பிள் ஒரு பொய்யைக் கையாண்டது. போனின் பிரவுசர் தன் அகலம் 980 பிக்சல் என்று சொல்லிக்கொண்டு, வந்த பக்கத்தை அப்படியே சுருக்கிக் காட்டியது. எறும்பு அளவு எழுத்து. இரண்டு விரலால் விரித்து விரித்துத்தான் படிக்கவேண்டும். 2010 மே மாதம் ஈதன் மார்க்காட் என்ற வடிவமைப்பாளர் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு வழி சொன்னது. நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டு அதற்கேற்ப மாறும் விதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்தால் ஒரே பக்கத்தை எல்லாத் திரைக்கும் பொருத்தலாம் என்றார். அருமையான தீர்வு, சந்தேகமில்லை. ஆனால் அது தீர்த்தது அகலச் சிக்கலை. பக்கத்தின் எடை எவ்வளவு, எது முதலில் வரவேண்டும், வாங்க வந்தவர் எதைத் தேடி வந்தார் என்ற கேள்விகளுக்கு அந்த மூன்றிலும் பதில் இல்லை.

2015 ஏப்ரல் 21 அன்று கூகுள், போனுக்கு ஏற்ற பக்கங்களுக்குப் போன் தேடலில் முன்னுரிமை என்று விதி கொண்டுவந்தது. உடனே ஒரு பதற்றம். தளத்தின் முகவரியைக் கொடுத்தால் 'போனுக்கு ஏற்றது' என்று பச்சை டிக் காட்டும் இலவசச் சோதனைப் பக்கம் ஒன்றையும் கூகுள் வைத்திருந்தது. அது பார்த்தது என்ன? எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா, தொடும் இடங்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றனவா, பக்கம் திரையைத் தாண்டி வழிகிறதா என்பது போன்ற சில அடிப்படைகளை. 10 எம்பி எடையுள்ள, தொலைபேசி எண்ணே இல்லாத பக்கமும் அதில் பச்சை டிக் வாங்கிவிடலாம். தீம் விற்றவர்கள் அந்த டிக்கைத்தான் தரச் சான்றிதழாகக் காட்டினார்கள். கூகுள் 2023 டிசம்பரில் அந்தச் சோதனையை மூடிவிட்டது. டிக் போனது, அது வளர்த்துவிட்ட மனப்பான்மை போகவில்லை.

கடைக்காரர் தரப்பில் ஒரு சாட்சி எப்போதும் தயாராக இருக்கும். "என் போன்ல நல்லாத்தானே திறக்குது!" பொய் சொல்லவில்லை. அவர் போனில் நன்றாகத்தான் திறக்கிறது. ஆனால் அந்தத் தளத்தைச் சோதிக்கக் கொஞ்சமும் தகுதியில்லாத ஆள் உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது அதன் முதலாளிதான். அவர் கையில் இருப்பது கடையிலேயே விலை உயர்ந்த போன். அவர் உட்கார்ந்திருப்பது கடையின் வைஃபைக்கு அடியில். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அந்தப் பக்கத்தை ஏற்கனவே பலமுறை திறந்து பார்த்துப் பூரித்தவர். பிரவுசர் ஒருமுறை இறக்கிய படத்தையும் எழுத்துருவையும் போனிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை அவற்றை வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. முதலாளி பார்க்கும் வேகம் இந்தச் சேமிப்பின் வேகம். முதன்முறை வரும் வாடிக்கையாளருக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. சிறு தொழிலுக்குத் தளம் வைப்பதே முதன்முறை வருபவருக்காகத்தான். பழைய வாடிக்கையாளரிடம் எண் இருக்கிறது, அவர் நேராகக் கூப்பிடுவார்.

அந்த முதன்முறை ஆள் யார்? நம் ஊரில் அவர் பெரும்பாலும் ப்ரீபெய்ட் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்தது, உண்மை. ஆனால் அத்துடன் 'ஒரு நாளைக்கு இவ்வளவு' என்ற அளவும் வாழ்க்கைக்குள் வந்தது. 1 ஜிபி, 1.5 ஜிபி, 2 ஜிபி. சாயங்காலம் கிரிக்கெட் பார்த்தால் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு இணைப்பு அறுந்துவிடாது. வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். விநாடிக்கு 8 கேபி. இன்று உலகத்தில் போனுக்குப் போகும் பக்கங்களின் நடுத்தர எடை 2 எம்பிக்கு மேல் என்று இணையப் பக்கங்களைத் தொடர்ந்து அளந்துவரும் எச்டிடிபி ஆர்க்கைவ் சொல்கிறது. 2 எம்பியை 8 கேபியால் வகுத்துப் பாருங்கள். 250 விநாடி. நான்கு நிமிடத்துக்கு மேல். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏசி ரிப்பேருக்கு ஆள் தேடுகிறவர் நான்கு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா? அதே பக்கம் 150 கேபியாக இருந்தால் அதே மெலிந்த இணைப்பில் இருபது விநாடிக்குள் வந்துவிடும். அதுவும் தாமதம்தான், ஆனால் எண்ணாவது கண்ணில் படும்.

"அதெல்லாம் பழைய கதை சார், இப்ப எல்லாரும் 5ஜி" என்று பதில் வரும். 2022 அக்டோபரில் 5ஜி வந்தது சரி. அதைப் பிடிக்கும் போன் வேண்டும், அதற்கேற்ற ரீசார்ஜ் வேண்டும், சிக்னலும் வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைக்கும் ஆட்களுக்கு மட்டும்தான் கடை திறந்திருக்கிறது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதைவிட முக்கியமாக, இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் வந்து சேர்ந்த நிரலை ஓட்டவேண்டியது அந்தப் போனின் மூளை. ஸ்லைடர், அனிமேஷன், மேலும் கீழும் மிதக்கும் கட்டங்கள் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். 5ஜி டவருக்கு அடியில் நின்றாலும் குறைந்த விலைப் போன் அதை அரைத்து முடிக்க நேரம் எடுக்கும். அதுவரை பட்டனைத் தொட்டால் அசைவிருக்காது. கூகுளின் லைட்ஹவுஸ் சோதனைக் கருவி தளங்களை அளக்கும்போது கணினியின் வேகத்தை வேண்டுமென்றே நான்கில் ஒன்றாகக் குறைத்து, 1.6 எம்பிபிஎஸ் இணைப்பாக மட்டுப்படுத்தி அளப்பது இதனால்தான். அவர்களுக்குத் தெரிகிறது, எல்லோரும் முதலாளி போனில் பார்ப்பதில்லை என்று.

எடை எங்கிருந்து ஏறுகிறது? பெரும்பங்கு படங்கள். கடைக்காரர் தன் போனில் எடுத்த புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புகிறார், தரம் குறையக்கூடாதே என்று. 4000-க்கு 3000 பிக்சல், 3 முதல் 5 எம்பி. டிசைனர் அதை அப்படியே ஏற்றுகிறார். மலிவு விலைப் போனின் திரை அகலம் 720 பிக்சல். அந்தத் திரையில் தெரியும் அளவைப் போல 30 மடங்குக்கு மேற்பட்ட புள்ளிகளை வாடிக்கையாளர் தன் டேட்டாவைச் செலவழித்து இறக்குகிறார். இறக்கியதும் போன் என்ன செய்கிறது? சுருக்கிக் காட்டுகிறது. படத்தை 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமிக்க இலவசக் கருவிகளே உண்டு. பெரும்பாலான படங்கள் 100 கேபிக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் 'ஸ்பீடு ஆப்டிமைசேஷன்' என்று தனியாக ஒரு பில் போடுகிறவர்களை என்ன சொல்வது?

இன்னொரு கூத்து உண்டு. முகப்பில் ஐந்து பெரிய படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் போனில் சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால், டிசைனர் ஒரு வரி சேர்த்து அதைப் போனில் மட்டும் மறைத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாது, பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அப்படி மறைத்த படங்களைப் பிரவுசர் பெரும்பாலும் இறக்கிவிடும். வாடிக்கையாளர் பார்க்கவே போகாத ஐந்து படங்களுக்கு டேட்டா செலவழிக்கிறார். 'தானா செட் ஆயிடும்' என்ற வாக்கின் உள்ளே நடப்பது பல நேரம் இதுதான்.

எடையைக்கூட மன்னித்துவிடலாம், பக்கம் சொல்லும் விஷயத்தை மன்னிக்க முடியாது. கும்பகோணத்தில் ஒரு தங்கும் விடுதி என்று வையுங்கள். நவக்கிரகத் தலங்கள் பார்க்க வந்த குடும்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கிறது. ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை, மிச்சமிருக்கும் கட்டைவிரலில்தான் போன். அவர்களுக்குத் தெரியவேண்டியது அறை இருக்கிறதா, வாடகை எவ்வளவு, எந்தத் தெரு, எந்த எண். தளம் என்ன காட்டுகிறது? முதலில் கோபுரப் படம், அதன் மேல் 'வெல்கம்'. அடுத்து நிறுவனரின் கனவு. அடுத்து 'எங்கள் தரிசனம்', 'எங்கள் இலக்கு' என்று இரண்டு பத்தி, ஏதோ கார்ப்பரேட் தளத்திலிருந்து நகலெடுத்தது. அடுத்து நான்கு கட்டத்தில் நான்கு சின்னங்கள்: தரம், நம்பிக்கை, சேவை, அனுபவம். எண் இருப்பது மூன்று கோட்டைத் தொட்டு, விரியும் மெனுவில் 'கான்டாக்ட் அஸ்' போய், அங்கே படிவத்துக்கும் கீழே. மேசைக் கணினியில் இந்தப் பகுதிகள் ஒரே பார்வையில் பரந்து கிடந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கியதும் அது ஒரு முழ நீளச் சுவராகிவிட்டது. ரெஸ்பான்சிவ் தீம் தன் வேலையைச் சரியாகச் செய்ததால் வந்த விளைவு இது. தவறாகச் செய்ததால் வந்ததல்ல. எதை முதலில் சொல்வது என்று அதற்குத் தெரியாது. முடிவெடுக்கவேண்டிய மனிதர்கள் அந்த முடிவைத் தீமிடம் விட்டுவிட்டார்கள்.

எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். எண்ணைத் தொட்டால் டயல் திரை வரவேண்டும். எழுத்தாக இருக்கும் எண்ணுக்கு ஒரு சிறு இணைப்பு போட்டால் போதும், ஒரு வரி வேலை. ஆனால் நம் ஊர்த் தளங்களில் எண் பெரும்பாலும் படத்துக்குள் இருக்கிறது. காரணம், பல கடைகளின் தளம் ஃப்ளெக்ஸ் பேனரின் வாரிசு. டிடிபி சென்டரில் பேனருக்குச் செய்த டிசைனையே ஜேபெக்காக மாற்றி முகப்பில் ஒட்டிவிடுகிறார்கள். பத்தடி பேனரில் ரோட்டின் எதிர்ப்பக்கம் வரை தெரிந்த எழுத்து ஆறங்குலத் திரையில் தூசியாகிறது. எண்ணைத் தொட முடியாது, நகலெடுக்க முடியாது. துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு டயல் செய்யவேண்டும், அதுவும் ஸ்மார்ட்போனில்!

தமிழுக்கு இதில் தனிக் கொடுமை. பேனர் டிசைன்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அந்த உரையை வெட்டித் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் மறுபடி அடிக்கச் சோம்பல்பட்டு, 'படமாவே போட்டுடலாம்' என்று முடிக்கிறார்கள். விளைவு, கடையின் பெயரும் தொழிலும் ஊரும் தமிழில் இருந்தும் தேடுபொறிக்கு அவை கிட்டத்தட்ட இல்லாத மாதிரி. கூகுள் தளங்களைப் பட்டியலிடும்போது போனுக்குப் போகும் பக்கத்தைத்தான் படிக்கிறது. 2016-இல் அறிவித்து, படிப்படியாக மாற்றி, 2023 அக்டோபரில் அந்த மாற்றம் முடிந்ததாகச் சொல்லிவிட்டது. இன்று போனைப் பார்த்து "பக்கத்துல மிக்ஸி ரிப்பேர்" என்று தமிழிலேயே பேசித் தேடுகிறார்கள். அந்த வார்த்தைகள் எழுத்தாக உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் பக்கத்துத் தெருக் கடைக்குப் போவார்கள்.

எழுத்தாகவே போட்டவர்களும் முழுசாகத் தப்பவில்லை. தீம் செய்தவர் ஆங்கிலத்தை நினைத்து வரி இடைவெளி வைத்திருப்பார். அதில் தமிழைக் கொட்டினால் 'கீ'யின் மேல் சுழியும் 'ழு'வின் கீழ் வளைவும் வெட்டுப்படும். 'கால்' என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பட்டனில் 'தொடர்புகொள்ளவும்' என்பதைத் திணித்தால் பாதி வெளியே தொங்கும். கொஞ்சம் இடைவெளி கூட்டி, 'பேச' என்றோ 'கூப்பிட' என்றோ போட்டால் முடிந்தது. ஆனால் அதற்கு யாராவது தமிழில் அந்தப் பக்கத்தை ஒருமுறை போனில் படித்திருக்கவேண்டும். எழுத்துருவும் தனியாக இறக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனிலேயே நோட்டோ தமிழ் இருக்கிறது, ஐபோனிலும் தமிழ் எழுத்துரு உண்டு. ஆயிரம் சொல் கொண்ட தமிழ்ப் பக்கத்தின் எழுத்து எடை ஏறக்குறைய 25 கேபி. நம் மொழி இணையத்துக்குச் சுமையே இல்லை. அதைப் படமாக்கிச் சுமையாக்குவது நாம்.

படிவங்களைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை, ஒன்று மட்டும். பெயர், மின்னஞ்சல், பொருள், செய்தி, 'நான் ரோபோ இல்லை' என்று வரிசையாகக் கேட்கும் படிவத்தை டிபன் கேட்டரிங் தளத்தில் வைப்பவர், அந்தக் கடைக்கு வரும் ஒருவரையாவது பார்த்திருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். ஆர்டர் சொல்ல வருகிறவர் பலருக்குத் தன் மின்னஞ்சல் முகவரி நினைவிலேயே இருக்காது; போன் வாங்கியபோது கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்தது அது. பெயர், போன் எண் இரண்டும் போதும். எண் கேட்கும் கட்டத்தைத் தொட்டால் எண் பலகை வரவேண்டும், எழுத்துப் பலகை வரக்கூடாது. அது நிரலில் ஒரே சொல் மாற்றம்.

எதிர்மறையாகவே பேசுகிறேன் என்று தோன்றலாம். சிவகாசியைப் பாருங்கள். தீபாவளிக்கு முன்னால் அங்குள்ள கடைகளின் தளங்கள் நூற்றுக்கணக்கில் உயிர்பெறும். இணையவழிப் பட்டாசு விற்பனையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. அதற்கும் இந்தத் தளங்களுக்கும் உள்ள உறவு தனி வழக்கு, நான் இங்கே பேசுவது பக்கத்தின் அமைப்பை மட்டும். அவற்றில் பல அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். கண்ணைக் குத்தும் மஞ்சள், சிவப்பு. ஆனால் நல்ல தளத்தில் திறந்ததும் விலைப்பட்டியல். லட்சுமி வெடி, தரைச் சக்கரம், கம்பி மத்தாப்பு, ஒவ்வொன்றின் எதிரிலும் விலை, எத்தனை பெட்டி என்று போட ஒரு கட்டம். எண் போடப் போட மொத்தத் தொகை திரையின் ஓரத்தில் கூடிக்கொண்டே வரும். முடிவில் பெயர், ஊர், போன் எண். அவ்வளவுதான். வாங்குகிறவர் போனிலிருந்து வருகிறார், பட்ஜெட் போட்டுக்கொண்டு வருகிறார் என்று அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியும். எந்த விருதும் வாங்காத அந்தப் பக்கங்கள் செய்யும் வேலையை, அரை லட்சம் கொடுத்துச் செய்த ஜவுளிக்கடைத் தளம் செய்வதில்லை. அதே ஊரில் விலைப்பட்டியலைப் பிடிஎஃப்பாகப் போட்டுவிட்டு, இறக்கி, விரித்து, பேனாவால் குறித்து அனுப்பச் சொல்லும் தளங்களும் உண்டு. தொழில் ஒன்று, ஊர் ஒன்று, வாடிக்கையாளரும் ஒன்று, யோசித்தவர் வேறு.

இனி இந்த வாதத்துக்கு எதிராக வரக்கூடியவற்றில் வலுவானதை எடுத்துக்கொள்கிறேன். "சின்னக் கடைக்குத் தளமே ஒரு விசிட்டிங் கார்டுதான். ஆட்கள் கூகுள் மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறார்கள். தளம் ஏதோ ஒன்று இருந்தால் போதும், இவ்வளவு மெனக்கெடவேண்டுமா?" முன்பாதி எனக்கு முழுச் சம்மதம். மேப்பில் கடையின் நேரமும் எண்ணும் சரியாக இருப்பது பல தொழில்களுக்குத் தளத்தைவிட முக்கியம். தெருமுனை இஸ்திரிக் கடைக்கு வலைத்தளம் விற்பவரை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் பின்பாதி முன்பாதியிலிருந்து வருவதில்லை. விசிட்டிங் கார்டு என்றால் அதில் முதலில் பெயர், தொழில், எண், முகவரி இருக்கும். கையில் கொடுத்ததும் படித்துவிடலாம். தளம் விசிட்டிங் கார்டுதான் என்று சொல்கிறவர்கள் அதை விசிட்டிங் கார்டு மாதிரிச் செய்துவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டியதே இல்லை. மேப்பில் பார்த்தவர் 'வெப்சைட்' என்ற பட்டனை அழுத்துவது, விலையோ சேவையோ இன்னும் ஒரு விவரமோ தெரிந்துகொள்ளத்தான். அங்கே சுற்றும் வட்டம் மட்டும் தெரிந்தால், தளம் இல்லாமலே இருந்திருக்கலாம். இன்ஸ்டாகிராம் கணக்கு ஒருநாள் முடங்கினால் யாரிடம் போய் முறையிடுவது என்பதையும் அந்தக் கணக்கை மட்டும் நம்பியிருப்பவர்கள் யோசிக்கவேண்டும்.

"அப்ப ஆப் பண்ணிடலாம்" என்பார்கள் அடுத்து. வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்பவருக்காக யார் ஆப் இறக்குவார்கள்? இதற்குமேல் இதைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

செலவு என்ற ஆட்சேபணைதான் எனக்குப் புரியாதது. நான் கேட்பது எல்லாமே குறைப்பது. ஸ்லைடரை எடுங்கள். படத்தைச் சுருக்குங்கள். பக்கத்துக்குள் பதித்த கூகுள் மேப் எடையும் கூட்டும், விரலையும் சிக்கவைக்கும். அதற்குப் பதில் மேப் செயலியைத் திறக்கும் ஓர் இணைப்பு போதும். வந்ததும் முகத்தில் அறையும் பாப்-அப்பை எடுங்கள்; போனில் உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்-அப் உள்ள பக்கங்களைத் தேடல் தரவரிசையில் பின்னுக்குத் தள்ளும் விதியைக் கூகுள் 2017 ஜனவரியிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது. வெளிர்சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்குங்கள், வெயிலில் நின்று படிப்பவருக்குத் தெரியட்டும். இதில் எதற்குக் கூடுதல் பணம்? கூடுதலாக வேண்டியது ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர் எதற்கு வருகிறார் என்று அரைமணி நேரம் யோசிப்பது. தீம் வாங்கி நிரப்பிக் கொடுக்கும் வியாபாரத்தில் அந்த அரைமணிக்கு இடமில்லை. பார்க்கப் பகட்டாக இருந்தால்தான் விலை கேட்க முடியும் என்ற பயமும் டிசைனருக்கு உண்டு. நான்கு வரியும் ஒரு எண்ணும் உள்ள பக்கத்துக்கு இருபதாயிரம் கேட்டால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். ஆகவே குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. கடைக்காரர் வாங்க வருவது 'லுக்', அவருக்கு விற்கப்படுவதும் 'லுக்'. அந்தப் பேரத்தில் வாடிக்கையாளர் அறையிலேயே இல்லை.

மறுமுனையிலும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 'பேஜ்ஸ்பீடு ஸ்கோர் 95 தருகிறேன்' என்று விற்பவர்கள். பழைய பச்சை டிக்கின் புது அவதாரம். முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும் என்று கூகுள் வைத்த அளவுகோல் நல்லதுதான். ஆனால் நிஜப் பயனர்களின் போனிலிருந்து கூகுள் திரட்டும் புள்ளிவிவரம், போதுமான வருகை இருக்கும் தளங்களுக்கு மட்டுமே கிடைக்கும். நாளுக்கு முப்பது பேர் வரும் கடைக்குக் கிடைப்பது சோதனைக்கூட மதிப்பெண் மட்டும். 95 வாங்கிய பக்கத்திலும் எண் படத்துக்குள் இருக்கலாம். அதை எந்தக் கருவியும் சொல்லாது.

அதனால் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். தளம் தயார் என்று டிசைனர் சொன்னதும் அவர் கணினியைப் பார்க்காதீர்கள், உங்கள் போனையும் எடுக்காதீர்கள். கடையில் பொட்டலம் கட்டும் பையனின் போனை வாங்குங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, வாசலுக்குப் போய் வெயிலில் நின்று, தளத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். "இந்தக் கடை எத்தனை மணி வரை, இந்தப் பொருள் என்ன விலை, கூப்பிடு பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே தொட வேண்டும் என்று காட்டிக் கொடுக்காதீர்கள். ஒற்றைக் கட்டைவிரலில் அவர் தேடி, உங்கள் கல்லாவில் இருக்கும் போன் மணி அடிக்கும் வரை பேலன்ஸ் தொகையைக் கொடுக்காதீர்கள்.